ஒருத்தியின் பெயர் மட்டும்

அக்கா,

இன்று காலை தேக்கா சந்தையில் சுறா வாங்கினேன். மீன்காரர் பழைய தமிழ்த்தாளில் சுற்றிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து பிரித்தால், ஈரத்தில் ஊறிப்போன ஒரு நீதிமன்றச் செய்தி. புகார் கொடுத்த பெண்ணின் பெயர், தகப்பன் பெயர், தெரு, வீட்டு எண் எல்லாம் இருந்தன. அவள் கையைப் பிடித்து இழுத்தவன் மட்டும் 'ஒரு வாலிபர்'. மீன் கவுச்சியைத் தாங்கிக்கொள்ளலாம். இதைத் தாங்காமல் முகத்தைச் சுளித்துத் தாளைத் தள்ளி வைத்தேன். "என்னாங்க, மீனு கெட்டுப்போச்சா?" என்றாள் என் மனைவி. மீன் நன்றாகத்தான் இருந்தது.

பெண்களுக்கென்று சட்டம் வந்து இத்தனை வருடமாகியும் பத்திரிகைக்காரர்கள் புத்தி மாறவில்லை. இதை உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. நீங்கள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது.

ஐம்பதுகளில், சிராங்கூன் சாலைக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்து அச்சுக்கூடத்தில் நாம் இருவரும் புரூப் பார்த்தோம். மூலப் பிரதியை நீங்கள் உரக்க வாசிப்பீர்கள்; அச்சடித்த தாளில் நான் சரிபார்ப்பேன். கமா, புள்ளி ஒன்று விடாமல் வாசிக்கும் உங்கள் குரல், உள்ளே அச்சுக் கோப்பவர்கள் வரைக்கும் கேட்கும். அத்தனை ஆண்களுக்கு நடுவில் நீங்கள் ஒருவர்தான் பெண். கணவரை இழந்தவர் வேலைக்கு வந்ததே சிலருக்குப் பொறுக்கவில்லை. "அக்கா வாசிச்சா காதுக்கு இனிமையா இருக்கு லா" என்று இளிப்பார்கள். "காது இனிச்சது போதும், கைய பார்த்து எழுத்தக் கோத்து வைங்க" என்பீர்கள்.

ஒருநாள் வந்தது ஓர் அன்னாசித் தொழிற்சாலைச் செய்தி. டின் அடைக்கும் பெண்ணொருத்தியிடம், அங்கே வேலை வாங்கும் மண்டோர் தகாத முறையில் நடந்திருக்கிறான். அவள் போலீசுக்குப் போனாள், சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னாள், அவன்தான் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆனது. ஜெயித்தது அவள். நம் ஆசிரியர் வைத்த தலைப்போ 'அன்னாசி அழகியும் மண்டோர் சேட்டையும்'. அவள் பெயர், வீட்டு எண், உடுத்தியிருந்த சேலையின் நிறம், அடுத்த மாதம் கல்யாணம் என்பது வரை ஒன்றும் பாக்கியில்லை. மண்டோருக்குப் பெயரே இல்லை. அவனுடைய அண்ணன் நம் ஆசிரியரோடு கோயில் கமிட்டியில் இருந்தார்.

 நீங்கள் வழக்கத்தைவிட உரக்க வாசிக்க ஆரம்பித்தீர்கள். அந்தப் பெண்ணின் பெயர் வந்த இடத்திலெல்லாம் ஆசிரியருடைய மகளின் பெயர். அவள் தெரு வந்த இடத்தில் ஆசிரியர் குடியிருந்த தெரு. அச்சுக் கோப்பவர்களின் கை அப்படியே நின்றுவிட்டது. ஆசிரியர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"என் பொண்ணையா சந்தியில இழுக்குறே? வெக்கமா இல்ல?"

"பேரையும் தெருவையும் மட்டும்தான் சார் மாத்தினேன். மத்ததெல்லாம் நீங்க எழுதுனது. ஒரு கமா கூட நான் மாத்தல."

"இந்த நிமிஷமே வெளிய போ!"

"போறேன். போட்டா ரெண்டு பேரு பேரையும் போடுங்க. இல்லன்னா ரெண்டையும் எடுத்துடுங்க." பிறகு என் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க கையெழுத்து வைக்காதீங்க" என்றீர்கள்.

புரூப் பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் எந்தப் பக்கமும் இயந்திரத்துக்குப் போகாது. அது அந்த அச்சுக்கூடத்தின் வழக்கம். ஆசிரியர் தாளை என்முன் நீட்டினார். எனக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். வைத்தேன். நீங்கள் குடையை எடுத்துக்கொண்டு வெளியேறியபோது நான் தலை நிமிரவில்லை. தூ, நானும் ஒரு மனுசன்!

பிறகு நீங்கள் தையற்கடையில் பட்டன் தைக்கப் போனீர்கள். வழியில் பார்க்கும்போதெல்லாம் "பிள்ளைங்க சௌக்கியமா தம்பி?" என்று மட்டும் கேட்டீர்கள். ஒருமுறை காறித் துப்பியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

இப்போது வேறொரு பத்திரிகையில் இருக்கிறேன். இந்த மாதிரிச் செய்தி வந்தால், நீங்கள் சொன்னதையே சொல்லிப் பக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். கிறுக்கு என்கிறார்கள். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் கடைசிவரை சொல்லாத ஒன்று இருக்கிறது.

செய்தி வந்த மூன்றாம் நாள் அந்தப் பெண் தனியாக அச்சுக்கூடத்துக்கு வந்தாள். கையில் நம் தாள். மாப்பிள்ளை வீட்டார் கல்யாணம் வேண்டாமென்று சொல்லியனுப்பி விட்டார்களாம். ஆசிரியர் பின்வாசல் வழியாகக் கோப்பி குடிக்க நழுவினார். "இதுதான் லா அந்த அன்னாசி" என்று ஒருவன் சிரித்தது அவள் காதில் விழுந்தது. அவள் நேரே என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணே, என் பேரு இருக்கு, எங்கப்பா பேரு இருக்கு. அந்த ஆளு பேரு ஏன் இல்ல?"

"எங்களுக்குக் கிடைக்கலம்மா" என்றேன்.

பொய். நீங்கள் மேசையில் விட்டுப்போன மூலப் பிரதியில் அது இருந்தது. ஆசிரியர் அதன்மேல் சிவப்பு மையில் ஒரே ஒரு கோடுதான் போட்டிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத் தெரிந்தது.

அவள் என்னை நம்பிவிட்டாள், அக்கா. "அப்ப நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்று, நான் தப்பில்லாமல் எழுத வேண்டுமே என ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நானும் பவ்யமாக எழுதிக்கொண்டேன்.

"நாளைக்கு வருமா அண்ணே?"

"வரும்மா" என்றேன்.