இருபத்தேழு பௌர்ணமி

பிப்ரவரி 3, 2025

வக்கீல் வளவன் போன் செய்தார். ஆஸ்பத்திரி மீது நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக இரண்டு வருஷம்தான் கெடு. நான் நான்கு மாதம் தாண்டிவிட்டேன். தாமதத்தை மன்னித்தால்தான் வழக்கையே எடுப்பார்களாம். மன்னிப்பு நான் கேட்க வேண்டும்! வயிற்றில் குழந்தையின் இதயத்துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் மூன்று முறை கூப்பிட்டும், மூன்று மணி நேரம் கழித்து வந்தவர் அந்த டாக்டர். மகள் ஓவியாவுக்கு இரண்டேகால் வயது. இன்னும் கழுத்து நிற்கவில்லை.

பிப்ரவரி 5

தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டும். இருபத்தேழு பௌர்ணமி கிரிவலம் முடியாமல் கோர்ட் படி ஏறமாட்டேன் என்று வேண்டிக்கொண்டேன் — இதுதான் காரணம். இத்தனைக்கும் நான் பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவன். "சில குழந்தைங்க லேட்டாத்தான் தேறும் சார், மலையைச் சுத்திட்டு வாங்க" என்றதும் அதே டாக்டர்தான். கிரிவலப் பாதையில் அவர் பந்தல் போட்டுக் கொடுத்த மோரை வாங்கிக் குடித்திருக்கிறேன்.

"மொதல்ல வக்கீலைப் பாருங்க"னு என் மனைவி ரேவதி அப்பவே சொன்னா. கேட்டேனா?

பிப்ரவரி 6

"வேண்டுதல்னு எழுதினா எடுபடாது சார். வீட்ல அவங்க படுத்த படுக்கையா இருந்தாங்கனு போட்டுடலாம்" என்றார் வளவன். கையெழுத்துப் போட்டேன். ரேவதியிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 16

மைத்துனன் திருமலை வந்தான். "செருப்பில்லாம நடந்து கால் தேஞ்சதுதான் மிச்சம், இல்ல மாமா?" சிரிப்பு வேறு. மறக்கமாட்டேன்.

மார்ச் 19

விசாரணை. ஓவியாவை மடியில் வைத்துக்கொண்டு ரேவதி பின்வரிசையில். எதிர்த்தரப்பு வக்கீல் என் பிரமாணப் பத்திரத்தைப் படித்தார். நுகர்வோர் கோர்ட் தலைவர் ரேவதியைப் பார்த்து, "ஏம்மா, ரெண்டு வருஷம் படுக்கையிலயா இருந்தீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள்.

படுக்கையா? நான் மலையைச் சுத்தினப்போ குழந்தையைத் தோள்ல போட்டுக்கிட்டு வேலூர் பஸ்ல வாரம் ரெண்டு தடவ கை கால் பயிற்சிக்கு அலைஞ்சவ. எப்ப படுத்தா அவ? எழுந்துட்டேன். "பொய்ங்க ஐயா. வேண்டுதல்னு நான்தான் இழுத்தடிச்சேன்."

வளவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் ரேவதி கேட்டது ஒன்றுதான்: "எழுதறதுக்கு முன்னாடி என்னைக் கேக்கணும்னு தோணலையா?"

ஏப்ரல் 24

தாமதத்தை மன்னிக்கவில்லை; வழக்கு தள்ளுபடி. அந்த மூன்று மணி நேரம் எங்கே இருந்தீர்கள் என்று அந்த டாக்டரை இனி யாரும் கேட்கப்போவதில்லை. கேட்கவிடாமல் செய்தவன் நான்.

மே 12

சித்ரா பௌர்ணமி. தெருவெல்லாம் ஜனம். டாக்டரின் பந்தலில் இந்த வருஷம் தர்பூசணியாம். நான் போகவில்லை.

ஓவியாவின் காலை நீட்டிப் பிடிக்கும் பயிற்சி. முதல்முறையாக நான் செய்தேன்.

"அப்பிடி இல்லீங்க, குதிகாலைப் பிடிங்க. முப்பது எண்ணணும்."

இந்தச் சின்னக் கால் இவ்வளவு விறைப்பாக இருக்கும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். பதினேழில் பிடி தளர்ந்துவிட்டது.

"முப்பது" என்றாள் ரேவதி.

மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினேன்.