சுங்கானில் நிற்கும் பெண்

உல்ம் படைமுகாம்,
1906 ஆகஸ்ட் 3

என் அன்பு வால்புர்கா,

நலம்தானே? எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. செப்டம்பரில் படையிலிருந்து விடுதலை. இரண்டு வருஷம் முடித்துப் போகிறவர்கள் எல்லாரும் பெயர் எழுதிய சுங்கான் வாங்குவது வழக்கமாயிற்றே, நானும் வாங்கிவிட்டேன். புகையிலை அடைக்கும் பீங்கான் கிண்ணத்தைச் சுற்றி எங்கள் பிரிவுக்காரர்கள் பெயர்கள். முன்புறம், ஊர் திரும்பும் சிப்பாயை வாசலில் கைநீட்டி வரவேற்கும் பெண். மற்றவர்களுக்கெல்லாம் மஞ்சள் முடிக்காரி. நான் மட்டும் உன் சிவப்பு முடியைக் கேட்டு வாங்கினேன். கீழே ‘என் வால்புர்கா’.

“டேய், அவ சரின்னு சொல்றதுக்குள்ள சூளையில வச்சு சுட்டே எடுத்துட்டியேடா!” என்று சிரிக்கிறான் பக்கத்துக் கட்டில்காரன் கிலியான்.

நாளை போர்ப்பயிற்சிக்குக் கிளம்புகிறோம். உடைந்துவிடக் கூடாதென்று உன் வீட்டுக்கே அனுப்பச் சொல்லிவிட்டேன்.

உன் மத்தேயுஸ்


ஆகஸ்ட் 14

மத்தேயுஸுக்கு,

பார்சலைப் பிரித்தது அப்பா. அன்று சாயங்காலமே மதுக்கடையில் உன் சுங்கான் மேஜை மேஜையாகச் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரே, “கல்யாணம் எப்பம்மா?” என்று கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கட்டிக்கொள்வாயா என்று ஜனவரியில் எழுதினாய். நீ திரும்பி வந்ததும் நேரில் சொல்கிறேன் என்றேன். அதற்குள் என் பதிலை ஓவியனிடம் வாங்கிக்கொண்டாயா?

ஸ்டுட்கார்ட் தொப்பிக் கடையில் அக்டோபரிலிருந்து தொழில் பழக வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா சுங்கானைக் காட்டி, “இங்க பாரு, வாசல்ல நிக்கிறவளுக்குத் தொப்பிக் கடை எதுக்குடி?” என்கிறார். அந்தச் சுங்கானை முகாமுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

வால்புர்கா


உல்ம்,
செப்டம்பர் 16

அன்பு வால்புர்கா,

பயிற்சியிலிருந்து வந்ததும் உன் கடிதத்தையும் சுங்கானையும் கையில் கொடுத்தார்கள். பேனாக்கத்தியை எடுத்து அந்தப் பெண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டேன். உன் பெயரும் போயிற்று. இப்போது சிப்பாய் வெறும் வாசலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வருகிறான். “பைத்தியக்காரா, நல்ல சாமானைக் கெடுத்துட்டியே!” என்று கிலியான் தலையில் அடித்துக்கொண்டான்.

முகாம் முழுக்கக் குடியும் பாட்டும். நான் நடைபாதையில் இங்குமங்கும் நடக்கிறேன். நீ ஸ்டுட்கார்ட் போ. அங்கே எனக்கும் ஒரு வேலை கிடைக்காமலா போகும்? சனிக்கிழமை மாலை ரயிலில் வருகிறேன். நீ என்னை வேண்டாமென்று விட்டாயா, அதை மட்டும் சொல்லிவிடு.

மத்தேயுஸ்


செப்டம்பர் 19

அட மடையா,

வரையும்போதும் என்னைக் கேட்கவில்லை, சுரண்டும்போதும் கேட்கவில்லை! என் சிவப்பு முடி அதில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? அனுப்புவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வைத்துப் பார்த்தேன்.

வாசலில் நிற்க மாட்டேன். சனிக்கிழமை ஸ்டேஷனுக்கு வருகிறேன். ரயிலை விட்டு இறங்கியதும் சுங்கானைப் பைக்குள் போட்டுவிட்டு, வாயைத் திறந்து என்னைக் கேள். தொப்பிக் கடையையும் சேர்த்துக் கேள். நான் பதில் சொல்லி முடிக்கும்வரை மட்டும் எந்த ஓவியனிடமும் ஓடாதே.

உன் வால்புர்கா