அடிவாரத்தில் குவிந்த வீடுகள்

12.8.2003, செவ்வாய்

மலைக்கிராமங்களின் வரைபடத்தில் இன்று வீட்டுக் கணக்கெடுப்பை ஏற்றினேன். மேலூரின் முப்பத்தெட்டு வீடுகளும் அடிவார ரேஷன் கடை வாசலில் ஒரே புள்ளியாக விழுந்தன. மலைமேல் ஒரு வீடுகூட இல்லை.

கணக்கெடுத்த சேகரைக் கேட்டேன். குன்றத்தூர்க்காரன், அசரவில்லை.

"இன்னா தலைவா, அரிசி வாங்க எல்லாரும் கீழதான வராங்க. அங்கயே குந்திகினு எழுதிட்டேன். ஜிபிஎஸ்ஸையும் அங்கயே அமுக்கிட்டேன். பேரு, தலைக்கட்டு எல்லாம் கரெக்டா கீது, பாரு."

கரெக்டாகத்தான் இருக்கிறது. தண்ணீருக்கு ஒரு மணி நேரம் நடக்கிறோம் என்று அத்தனை வீட்டாரும் சொன்னதும் இருக்கிறது. ஆனால் அரசு கட்டப்போகும் தண்ணீர்த் தொட்டி எங்கே வரும் என்பதை இந்த வரைபடம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எங்கள் சர்வே கம்பெனி மேனேஜரிடம் போய், மலையேறிச் சரிபார்க்க இரண்டு நாள் கேட்டேன்.

"நாளைக்கு ஒரகடத்துல ஃபேக்டரி மனை அளக்கணும். மலைக்கு எவன் போவான்? புள்ளிய நீயே மேல தள்ளி வெச்சிடுப்பா."

"எங்க சார் தள்றது? நான் அந்த ஊரப் பாத்ததே இல்ல."

"சமதளமா இருக்கற இடமாப் பாத்து வை. படிச்சவன்தான நீ?"

வைத்தேன். முப்பத்தெட்டையும் கொஞ்சம் கலைத்து, நிஜ ஊர் போலவே பரப்பினேன். தொட்டி நடுவில் அழகாக உட்கார்ந்துவிட்டது. மேனேஜருக்கு ரொம்பத் திருப்தி. நாளைக் காலை வரைபடத்தை அரசுக்கு அனுப்புகிறார்கள்.

அந்த இடத்தில் மனிதர்கள் இருக்கிறார்களா, பாறைதான் இருக்கிறதா, எனக்குத் தெரியாது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.