இரண்டு தீர்ப்பு

மார்ச் 4
துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது என் ஆய்வு வழிகாட்டி அழைத்தார். "ரிசல்ட் வந்துடுச்சும்மா. ஆனா... நேர்ல வாயேன்." மிச்சத் துணியை வாளியிலேயே விட்டுவிட்டு ஓடினேன்.

முதல் தேர்வாளர்: உடனே முனைவர் பட்டம் வழங்கலாம், நூலாக வர வேண்டிய ஆய்வு. இரண்டாமவர்: பட்டத்துக்குத் தகுதியற்றது, நிராகரிக்கிறேன்.

ஆலை இரைச்சல் தொழிலாளர்களின் காதை எவ்வளவு கெடுக்கிறது - இருவரும் படித்தது அந்த ஒரே ஆய்வேட்டைத்தானே? வேறு யாருடையதோ மாறிப்போய்விட்டதா என்றுகூடக் கேட்டேன். "இல்லம்மா. மூணாவது ஆளுக்கு அனுப்புவாங்க. பொறுமையா இரு."

எப்படி இருப்பதாம்?

மார்ச் 5
எழுத முடியவில்லை.

மார்ச் 9
அம்மா ஏற்கெனவே சித்தி, மாமா என்று எல்லாரிடமும் 'எங்க வீட்டு டாக்டர்' என்று தண்டோரா போட்டாயிற்று. இன்று, "ஃபெயிலாடி?" என்றாள்.

"தெரியலம்மா."

"அதெப்படி தெரியாம இருக்கும்?"

அதுதானே? பட்டம் வந்தால்தான் வேலை என்று நான் விண்ணப்பித்த கல்லூரியில் வேறு சொல்லிவிட்டார்கள்.

மார்ச் 17
பாராட்டிய அறிக்கை மனப்பாடம். நிராகரித்ததில் முதல் வரியைத் தாண்டவே இல்லை. கணவர் அதை என் முன்னால் வைத்தார். "திட்டுறதுக்காவது முழுசா படிச்சுட்டுத் திட்டு."

படித்தேன். 'இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டுமே சோதித்திருக்கிறார். காது கேட்காமல் வேலையை விட்டுப் போனவர்கள் எங்கே?'

அய்யோ. இது எப்படி எனக்குத் தோணாம போச்சு? அந்த ஆலைக்கு எத்தனை தடவை போனேன்! பாராட்டினவருக்கும் தோணலையே! ரொம்பக் கெட்டுப்போன காதுங்க எல்லாம் என் ஆய்வுக்கு வெளியிலயா நிக்குது?

மே 2
மூன்றாம் தேர்வாளர்: திருத்தி மீண்டும் சமர்ப்பிக்கவும். கல்லூரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது.

வழிகாட்டி, "நாலு பத்தி மாத்தி எழுதிக் குடு, பாஸாயிடும்" என்றார்.

"இல்ல சார். விட்டுப் போனவங்களப் போய்ப் பாக்கணும்."

நானா சொன்னேன்?

மே 20
ஆலையை விட்டவர் ஒருவரின் வீடு. அவர் மனைவி, "இவரத் தேடி யாரும்மா வர்றாங்க?" என்றபடி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். ஒலி கேட்டால் கையைத் தூக்கும்படி எழுதிக் காட்டினேன். அவர் தலையசைத்தார். காதில் கருவியை மாட்டிவிட்டு ஒலியைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். கருவியின் கடைசி அளவுவரை போய்விட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உரத்த குரலில் கேட்டார்:

"ஆரம்பிக்கலாமா?"