இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது

மார்ச் 4

அன்புள்ள மருமகளுக்கு,

இருக்கிறோம். உன் மாமியார் ஒரு வேளையாவது சாப்பிடுகிறாள். நீ சாப்பிடுகிறாயா என்று எழுதுவதே இல்லை.

என் பிள்ளையைக் கொண்டுபோன விபத்தின் அறிக்கை வந்தது. தரையில் மோதும்வரை இன்ஜின் ஓடியதாம். விமானம் ஸ்டால் ஆகி விழுந்ததாம். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவன் நான். இன்ஜின் நின்றால்தானே அம்மா ஸ்டால்? ஓடுகிற வண்டி எப்படி விழும்? என் பிள்ளைக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள் நீ. நீயே சொல்.

மாமா

மார்ச் 12

அன்புள்ள மாமாவுக்கு,

சாப்பிடுகிறேன். வகுப்பு எடுக்கத்தான் முடியவில்லை.

விமானத்தில் ஸ்டால் ஆவது இன்ஜின் இல்லை மாமா, இறக்கை. ஓடும் பஸ்ஸில் கையை வெளியே நீட்டி, முன்பக்கம் லேசாகத் தூக்கிப் பிடித்தால் காற்று கையை மேலே தள்ளும். ஒரு அளவுக்கு மேல் தூக்கினால் காற்று கையை ஒட்டிப் போகாமல் பிய்த்துக்கொள்ளும், தாங்கல் போய்விடும். இறக்கையும் அப்படித்தான். இன்ஜின் முழு மூச்சில் ஓடினாலும், அந்தச் சாய்வைத் தாண்டினால் விழும். உடனே மூக்கை இறக்க வேண்டும். இவர் தரையிறங்கத் திரும்பும்போது, தரை கிட்டே தெரிந்த பயத்தில் கைப்பிடியை இழுத்து மூக்கைத் தூக்கியிருக்கிறார்.

உங்கள் மருமகள்

மார்ச் 20

அன்புள்ள மருமகளுக்கு,

பஸ்ஸில் கையை நீட்டிப் பார்த்தேன். "பெரியவரே, கைய உள்ள எடுங்க" என்று கண்டக்டர் அதட்டினான். எனக்கே! ஆனால் புரிந்தது.

மூக்கை இறக்க வேண்டும் என்று அவனுக்குத் தெரியாதா?

மாமா

மார்ச் 29

அன்புள்ள மாமாவுக்கு,

தெரியும். ஆனால் பயந்தால் இழுத்துவிடுவார். நான் கூட உட்கார்ந்து சோதித்த அன்று இரண்டு தடவை இழுத்தார். நான்தான் தள்ளி மீட்டேன். வேறு யாராக இருந்தாலும் இன்னும் பத்து மணி நேரம் பழகிவிட்டு வா என்றிருப்பேன். இறங்கியதும் நான் அந்தத் தவறைச் சொன்னபோது, "வீட்லயும் நீ சொல்றதுதான் சரி, இங்கயுமா? இந்த வாரம் தனியாப் பறந்துடுவேன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றார். அன்று வீட்டில் என்னோடு பேசவே இல்லை. மறுநாள், தனியாகப் பறக்கத் தகுதியுள்ளவர் என்று கையெழுத்துப் போட்டேன். அதற்கு மறுநாள்தான் அது நடந்தது.

விசாரணைக்காரர்களிடமும் இதை எழுதிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. வந்து ஒரு நாள் உங்களோடு இருக்கலாமா?

உங்கள் மருமகள்

ஏப்ரல் 15

மருமகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையில் வைத்திருந்துவிட்டு எரித்துவிட்டேன். உன் மாமியாரிடம் இன்ஜின் கோளாறு என்றே சொல்லியிருக்கிறேன்.

உன்னை மட்டும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த வாரம் போனில், "பொண்டாட்டிகிட்டயே பாஸாக முடியலையாடா?" என்று அவனைக் கேட்டுச் சிரித்தவன் நான்.

நீ வந்தால் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருப்போம். உன் மாமியார் நம் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள். வர வேண்டாம்.

இங்கே இருந்த உன் துணிமணிகளைப் பெட்டியில் கட்டி அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்ததற்கும் பதில் எழுத வேண்டாம்.

அவன் அப்பா