ஓரத்தில் எழுதிய ஒரு வரி

என்னோடு சண்டை போட்டுவிட்டுத் தன் அக்கா வீட்டிலேயே தங்கிவிட்ட என் கணவருக்கு,

நோய்க்கும் சிகிச்சைக்கும் குறியீட்டு எண் போடும் மெடிக்கல் கோடிங் தேர்வின் விதியை மறுபடியும் மாற்றித் தொலைத்துவிட்டார்கள். புத்தகம் பார்த்து எழுதலாம். ஆனால் அதன் ஓரத்தில் பாடக்குறிப்பு தவிர வேறெதுவும் இருக்கக் கூடாதாம். தேர்வறை வாசலில்தான் எனக்கு அது தெரிந்தது.

கண்காணிப்பாளர் என் புத்தகத்தைப் புரட்டி, "'மக்கு, இதையும் தப்பாப் போடாதே'ன்னு இருக்கே, யார் எழுதினது?" என்றார்.

"வீட்டுக்காரர்."

"அழிங்க, இல்லன்னா புத்தகத்தை வெளிய வைங்க."

பேனாவில் எழுதினால் எப்படி அழியும்? பக்கத்தையே கிழித்துக் கொடுத்தேன். அதிலிருந்தே இரண்டு கேள்விகள். நீங்கள் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தது காதில் இருந்ததால் எழுதிவிட்டேன். பாஸ்.

வேலையும் கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை சேர வேண்டும். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. மீதிச் சண்டையை நேரில் வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி