ஆறாவது படிக்கம்

ரோக்பெல்,
நவம்பர் 9

அன்புள்ள ஃபிர்மனுக்கு,

ஒடில் எழுதுவது. நான் நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய், தூக்கமும் வருகிறது என்று நர்ஸ் போனில் சொன்னாள். கேட்டு மனசு கொஞ்சம் ஆறியது. நாய் இன்னும் உன் செருப்பின் மேல்தான் படுக்கிறது. கூரையில் ஒழுகின இடத்தை நானே ஏறி அடைத்துவிட்டேன். திட்டாதே, விழவில்லை.

இருபதாம் தேதி உன்னை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். அதற்குள் திராட்சைப் பண்ணை முதலாளியம்மா வெர்னே மேடம் சொல்லி அனுப்பிவிட்டாள்: நிலவறையில் ஒயின் சுவை பார்க்கிற உன் வேலை அப்படியே இருக்கிறதாம், வந்த மறுநாளே சேரலாமாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. குடித்துக் குடித்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறவனை மறுபடி ஒயின் பீப்பாய்களுக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்துவதா? நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வர, ஞாயிற்றுக்கிழமை நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

போன பிறகுதான் தெரிந்தது, அன்று பண்ணையில் கலைக் கண்காட்சி திறப்பு. ஊரே அங்கேதான். திராட்சைக் கொடிகளுக்கு நடுவே மூன்று ஆள் உயரத்துக்குத் துருப்பிடித்த இரும்பு வளையம் ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்கள். தபால்கார ஜினெத், "இதுக்குள்ள நுழைஞ்சு வந்தா மனசு மாறுமாம்டி. எங்க வீட்டுக்காரரை நாலு தரம் நுழைய விட்டேன், பசிக்குதுங்கறாரு" என்றாள். சிரித்துவிட்டேன். அதே மூச்சில் "ஃபிர்மனுக்கு முதுகுவலி தேவலையா?" என்று கேட்டாள். தேவலை என்றேன். மூன்று மாதமாக ஊர் முழுக்க அதைத்தானே சொல்லி வைத்திருக்கிறேன்.

மேடம் நிலவறையில் இருக்கிறாள் என்றார்கள், இறங்கினேன். பீப்பாய்களை ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சுவரில் ஆறு படிக்கங்களை வரிசையாக மாட்டி விளக்குப் போட்டிருந்தார்கள். நீங்கள் ஆறு பேரும் ஒயினைச் சுவைத்துவிட்டு விழுங்காமல் துப்புகிற அதே வெள்ளை எனாமல் படிக்கங்கள். நாலு வருஷத்துக்கு முன் மேடம் ஒரே நாளில் வாங்கி, ஆளுக்கொன்றாகப் பெயர் எழுதிக் கொடுத்தாளே, அவைதான். எச்சில் துப்புகிற சட்டிக்கு விளக்கு! பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த கலைஞன், இருந்தது இருந்தபடியே மாட்டியிருக்கிறான். ஐந்து படிக்கங்களின் உட்புறம் கத்தரிக்காய் நிறத்தில் கறை ஏறிக் கிடந்தது. ஆறாவது வெள்ளை வெளேரென்று, கடையிலிருந்து வந்தபடியே இருந்தது. அடியில் உன் பெயர்.

"இந்த ஆளு எவ்வளவு சுத்தம் பாருங்க" என்றாள் வெளியூர்க்காரி ஒருத்தி. கலைஞன் பெருமையாக, "தினம் தேய்ச்சுக் கழுவியிருப்பார் போல. இந்த ஆறுல எனக்குப் பிடிச்சதே இதுதான்" என்றான்.

குடிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம்தான் என்று டாக்டரிடம் சொன்னாய். என்னிடமும் அதையே சொன்னாய். நாலு வருஷம், ஃபிர்மன். கொடுத்த நாளிலிருந்து நீ ஒரு தரம்கூடத் துப்பவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பேசாமல் படியேறிப் போயிருக்கலாம். போகவில்லை. "நான் அவரோட பொண்டாட்டி. அவரு ஜென்மத்துல ஒரு தட்டு கழுவினதில்ல. சுத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. துப்பல, முழுங்கிட்டாரு, அவ்வளவுதான். இப்போ குடியை விட ஆஸ்பத்திரியில இருக்காரு. முதுகுவலின்னு ஊர்ல சொன்னது நான் சொன்ன பொய்" என்றேன். ஜினெத் என் பின்னாலேயே நின்றிருந்தாள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கலைஞனுக்கு முகம் வெளிறிவிட்டது. கழற்றிவிடட்டுமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றேன். நாம் இரண்டு பேரும் மூடி மூடி வைத்து என்னத்தைக் கண்டோம்?

மேடத்திடம் சொல்ல வந்ததையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எனக்கும் தெரியும் ஒடில். அவர் நாக்கு எனக்கு வேணும்னு கண்டும் காணாம இருந்துட்டேன்" என்றாள். பிறகு நிமிர்ந்து, "ஆனா வர்றதும் வராததும் அவர் சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது" என்றாள். சுருக்கென்றது. நியாயம்தான். ஆனாலும் நான் விடவில்லை. டிசம்பரில் கொடிகளை வெட்டிவிடுகிற கவாத்து தொடங்குகிறதே, அந்த வேலையை உனக்குத் தருவாளா என்று கேட்டேன். தருவாளாம். நிலவறையையே ஆண்ட நான் கத்தரிக்கோலோடு குளிரில் நிற்பதா என்று நீ குதிப்பாய். நன்றாகக் குதி. வெட்டவெளியில் பீப்பாய் இல்லை, அது போதும் எனக்கு.

நிலவறைக் கதவும் திறந்துதான் இருக்கிறது. எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன்னை அழைத்துவர நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். நாலரை மணி பஸ்ஸில் நீயே வா. அது முதலில் பண்ணை வாசலில் நிற்கும், அடுத்ததுதான் நம் ஊர். பொழுது சாய்ந்தால் பண்ணை வரை நடந்துபோய் உன்னைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்த காலம் முடிந்தது. இனி ஒரு அடி நடக்கமாட்டேன், இது சத்தியம்.

ஊர் நிறுத்தத்தில் நீலக் கோட்டோடு நிற்பேன். நாயும் இருக்கும். கடவுள் உனக்குத் திடம் கொடுக்கட்டும். பஸ் பண்ணை வாசலில் நிற்கும்போது மட்டும் எழுந்துவிடாதே, ஃபிர்மன்.

உன்
ஒடில்